சௌந்தரம் டாக்கீஸ் மூடிய தேதி

ஒன்பதாவது வரி மட்டும் பென்சிலில் இருந்தது. மற்ற இருபத்திரண்டு தியேட்டர்களுக்கும் நீல மையில் திறந்த தேதி, நீல மையில் மூடிய தேதி, அதற்கு எதிரே சொன்னவர் பெயர் என்று எல்லாம் பாந்தமாக ஏறிவிட்டது. செங்கானூர் சௌந்தரம் டாக்கீஸுக்கு மட்டும் மூடிய தேதிக் கட்டத்தில் 12-10-1984 என்று பென்சில், அதுவும் எழுதி, அழித்து, மறுபடி அதையே எழுதின பென்சில், ரப்பர் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாளே மெலிந்துபோய்விட்டது. மரகதவடிவு நோட்டை மூடி மடியில் வைத்தாள். மூடின கையோடு திறந்தாள். பஸ் பேட்டையைத் தாண்டியிருந்தது. இன்னும் முக்கால் மணி நேரம். என்ன சொல்வது என்று அதற்குள் முடிவு பண்ணிவிடலாம், நாற்பத்தொரு வருஷத்தில் பண்ண முடியாத முடிவை முக்கால் மணியில் பண்ணிவிடலாம், ஏன் முடியாது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பாதிப் பேர் பஸ்ஸில்தானே படிக்கிறார்கள். அதை நினைத்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்; ஒன்றுமில்லை என்று வடிவு தலையை ஆட்டினாள். அறுபத்து மூன்று வயதில் பஸ்ஸில் தனியாகச் சிரிக்கிற பொம்பளையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, வயசானதில் அது ஒரு சௌகரியம். கைப்பையில் கண்ணாடிக் கூடு இருந்தது. கூட்டுக்குள், துடைக்கிற துணிக்கு அடியில், அந்தச் சீட்டு இருந்தது. இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நூலகத்து வாசகர் வட்டம் இந்தப் பட்டியலைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் மாட்டப்போகிறது, சுவரில் பென்சிலை மாட்ட முடியாது, ஆகவே போய்த்தான் ஆக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் காலையில் புடவை கட்டினாள். சங்கரலிங்கம் செய்தித்தாளை இறக்காமலே, இன்னைக்கு எந்தத் தியேட்டருக்குக் காரியம் என்று கேட்டார். கேட்பார். கட்டின நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு அவளைச் சீண்டாமல் காபி இறங்காது. ரிட்டையர் ஆன மறு மாதம் அவள் இந்த நோட்டைத் தொடங்கியபோது, ஜில்லாவுக்கே தியேட்டர்ப் பிறப்பு இறப்புப் பதிவாளர் நம்ம வீட்டில்தான் இருக்கார் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவர். ஆனால் அவர் சொன்னது சரிதான். பிறப்பை எழுதுவது சுலபம். கல்லில் வெட்டியிருக்கும், அழைப்பிதழ் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும், முதல் படப் பெட்டிக்கு மாலை போட்டுத் திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்ததைப் பார்த்தவர் யாராவது இருப்பார். மூடியதை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. ஒருநாள் சாயங்காலம் பாட்டுப் போடுவதில்லை, அவ்வளவுதான், ஊர் அதைக் கவனிப்பதற்கே ஒரு வாரம் ஆகும். அதனால் மூடிய தேதியை நேராகக் கேட்கக் கூடாது என்று முதல் மூன்று மாதத்திலேயே படித்துக்கொண்டாள். உங்க வீட்டில் அப்போ என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். மூத்தவன் மஞ்சக்காமாலையில் கிடந்தான், அவனுக்குப் பத்தியக் கஞ்சி எடுத்துப் போகும்போது கேட்டில் பூட்டுத் தொங்கியது என்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுக்கச் சொன்னால் தேதி வந்துவிடும். ஒரு ஊரில் அண்ணனும் தம்பியும் சண்டைக்கே போய்விட்டார்கள், அண்ணனுடைய மாமியார் வந்த நாளா, போன நாளா என்று. மாமியார் வந்ததற்கும் போனதற்கும் இடையில் எட்டு மாதம் என்று தெரிந்தபோது வடிவுக்கு அந்த அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு டூரிங் டாக்கீஸுக்குப் பதினொரு திறப்பு, பதினொரு மூடல். கொட்டகைக்குக் கொஞ்ச காலத்துக்குத்தான் லைசன்ஸ், முடிந்ததும் கூரையைப் பிரித்து, கொஞ்சம் தள்ளி மறுபடி கட்டி, மறுபடி தேங்காய் உடைப்பார்கள். அந்த ஒரு கொட்டகைக்கே நோட்டில் ஒரு பக்கம் போய்விட்டது. இன்னொன்று இடைவேளையில் ஜெனரேட்டர் வெடித்து, அப்படியே மூடி, அப்புறம் திறக்கவே இல்லை. அன்றைக்கு உள்ளே இருந்த ஒரு பெரியவர் அவளிடம் எல்லாத் தகவலையும் சொல்லிவிட்டுக் கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு, இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பொண்ணு யாரைக் கட்டிக்கிட்டா, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அவள் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்து, அவருக்குப் போன் போட்டு அரைமணி நேரம் மிச்சக் கதையைச் சொன்னாள். நான் நெனச்சேன், அவனைத்தான் கட்டுவாள்னு என்று அவர் சொன்ன சொல்லில் இருந்த நிம்மதி இருக்கிறதே, அவளுடைய முப்பத்தெட்டு வருஷச் சர்வீஸில் அப்படி ஒரு திருப்தி கிடைத்ததில்லை. எத்தனை நல்ல வேலை இது என்று நினைத்துக்கொண்டாள்.

நல்ல வேலைதான், ஆனால் ஒன்பதாவது வரி. மற்ற எல்லா ஊரிலும் வாய் கூசாமல் கேட்டவளுக்குச் செங்கானூரில் இறங்கிக் கேட்க மூன்று வருஷமாகக் கால் வரவில்லை. கால் வராதது நியாயம், அந்தத் தியேட்டர் மூடியதற்குக் காரணம் அவள். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள், யாரிடமும் சொல்லவில்லை, சங்கரலிங்கத்திடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரித்துவிடுவார், சிரித்தால் அது சின்ன விஷயமாகிவிடும், சின்ன விஷயம் இல்லை. இருபத்திரண்டு வயதில் செங்கானூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. தபாலாபீஸுக்குப் பின்னால் ஒரே அறை, ஒரே ஜன்னல், எதிரே போர்டு. போர்டில் வரிசை வரிசையாகச் சின்ன மூடிகள். யாராவது போனை எடுத்தால் அவர்கள் நம்பர் போட்ட மூடி டக்கென்று விழும். நம்பர் ப்ளீஸ் என்று அவள் கேட்பாள். காதில் மாட்டின கருவி மத்தியானம் வரைக்கும் காது மடலை அழுத்தும், கழற்றினால் அந்த இடம் சுடும். இப்போது நினைத்ததும் வலது காது மடல் சுட்டது, கை தானாகப் போய்த் தடவிக்கொண்டது. ஊரில் மொத்தம் எண்பத்தாறு போன். டாக்டர் பன்னிரண்டு, அரிசி ஆலை முப்பது, சௌந்தரம் டாக்கீஸ் அறுபத்துநாலு. கொழுந்தனார் பிள்ளைகளின் பெயர் மாறிப்போகிறது, அறுபத்துநாலு மட்டும் மாறவில்லை. அறுபத்துநாலு விழுந்தால் மேனேஜர் ஞானதுரை அண்ணாச்சி. ஆளைப் பார்த்ததில்லை. குரல்தான். வெள்ளிக்கிழமை தோறும் மதுரைக்கு அர்ஜென்ட் கால் போடுவார். படக் கம்பெனியில் பேசி, பெட்டியைப் பஸ்ஸில் ஏத்தியாச்சா என்று உறுதி பண்ணிக்கொள்வதற்கு. தியேட்டரிலிருந்து பேச்சு வராவிட்டால் கம்பெனிக்காரன் பெட்டியை வேறு தியேட்டருக்குத் தள்ளிவிடுவான். பதிவு பண்ணிவிட்டு, லைன் கிடைக்கும்வரை, தங்கச்சி சாப்பிட்டாச்சா என்று கேட்பார். இந்த வாரம் என்ன படம் அண்ணாச்சி என்று அவள் கேட்பாள். அப்பா சினிமாவுக்கு விடமாட்டார் என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வாரம் அறுபத்துநாலு விழுந்தது, எடுத்தால் அண்ணாச்சி பேசவில்லை, ஒரு பெரிய சண்டையும் அழுகையும் கேட்டது, பின்னால் முந்நூறு பேர் விசிலடிக்கிற சத்தம். திரையோரம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று புரியவே அவளுக்கு ஒரு நிமிஷம் ஆனது. போர்டில் வேறு மூன்று மூடிகள் விழுந்து கிடந்தன. டாக்டர் வீட்டு மூடியும் அதில் ஒன்று. அவள் அசையவில்லை. அந்த ஒரு நிமிஷம்தான் அவள் பார்த்த முதல் சினிமா, பார்க்காமலே பார்த்தது.

பஸ் சேரன்மகாதேவியில் நின்றது. பூக்கூடை அம்மாள் இறங்கினாள், கூடை இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் பிச்சிப்பூ வாசனை மட்டும் உட்கார்ந்திருந்தது. கண்டக்டர், செங்கானூருக்கு இன்னும் இருபது நிமிஷம் என்று அவள் கேட்காமலே சொன்னார், ஏதோ அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தமாதிரி. இருபது நிமிஷம். சொல்லாமல் தேதியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம், அது ஒரு வழி. வணக்கம், நான் பழைய தியேட்டர்களைப் பற்றி எழுதுகிறேன், உங்க தியேட்டர் எப்போ மூடினது. அவர் சொல்வார், எண்பத்துநாலு அக்டோபர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, பெட்டி வராம போச்சு அம்மா, எக்ஸ்சேஞ்சில் ஒரு பிள்ளை கோட்டை விட்டுட்டா. அப்போது முகத்தை எங்கே வைப்பது. எழுதிக்கொள்ள வேண்டும், பென்சிலை அழித்து அதே தேதியை மையில் எழுத வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பதுக்கு அறுபத்துநாலு விழுந்தது. மதுரை, அர்ஜென்ட், புதுப் படம், மூணு நாளா மைக் வச்சு ஊரெல்லாம் சொல்லியாச்சு தங்கச்சி, சீக்கிரம் போட்டுக்குடு என்றார். அவள் பதிவுச் சீட்டில் எழுதினாள்: 64, மதுரை, அர்ஜென்ட், 11.40. சீட்டை எழுதினால் இடப்பக்கம் இருக்கும் கம்பியில் குத்த வேண்டும், வரிசைப்படி எடுத்துப் போட வேண்டும், அது விதி. ஆனால் மடியில் வாரப் பத்திரிகை இருந்தது. தொடர்கதையில் அந்த வாரம் கதாநாயகி தாலியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியிறங்குகிறாள். டாக்டர் மூடி விழுந்தது. பக்கம் தொலைந்துவிடக் கூடாதே என்று கையில் இருந்ததை எடுத்து நடுவில் வைத்து மூடினாள். கையில் இருந்தது அந்தச் சீட்டு. பன்னிரண்டு மணிக்கு டூட்டி மாறியது, பத்திரிகையை மடக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, அடுத்தவளிடம் காதுக் கருவியைக் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்கு இன்னும் ஆறு நாள் என்ற நினைப்பில் தரையில் கால் படாமல் வீட்டுக்குப் போனாள். படியிறங்கினவள் என்ன ஆனாள் என்று சாயங்காலம் ஆறரைக்குத் திறந்து பார்த்தபோது சீட்டு நழுவி மடியில் விழுந்தது. அந்த நேரத்துக்குத்தான் சௌந்தரம் டாக்கீஸில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்தி விளக்கணைப்பார்கள். எழுந்து ஓடினாளா, இல்லை. அப்பா கூடத்தில் கல்யாணச் சாமான் கட்டிக்கொண்டிருந்தார். ஓடி என்ன செய்ய.

மறுநாள் காலை டூட்டிக்கு வந்த தோழி, சௌந்தரத்தில் நேத்து பெட்டி வரலியாம், ஒரே ரகளையாம், சேர் பறந்துச்சாம் என்று கண்ணை விரித்துச் சொன்னாள். வடிவு கேட்டுக்கொண்டாள். இரண்டு நாளில் கல்யாண லீவு, தூத்துக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு, தூத்துக்குடிக்கே மாற்றல். அந்த இரண்டு நாளும் அறுபத்துநாலு அவள் நேரத்தில் விழவே இல்லை. அப்பாவும் கூடவே ஊரைக் காலி பண்ணிவிட்டார், செங்கானூர்ப் பக்கம் வர வேலையே இல்லை. எண்பத்தொன்பதில் தோழி கல்யாணத்துக்குச் செங்கானூர் வந்தபோது ரிக்‌ஷா அந்தத் தெரு வழியாகப் போனது. கேட்டில் துருப்பிடித்த பூட்டு, டிக்கெட் கொடுக்கிற பொந்துக்குள் ஒரு ஆடு. அவள் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்துவிட்டாள். சேர் பறந்த தியேட்டரை எந்த முதலாளி மறுபடி திறப்பார், முந்நூறு பேர் விசிலடித்த இடத்தை ஒரு தொடர்கதைக்காக மூடிவிட்டோமே என்று அன்றைக்கு ரிக்‌ஷாவில் அழுதாள், சங்கரலிங்கம் தோழியைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தார். அதற்கப்புறம் நாற்பது சினிமா பார்த்திருப்பாள், ஒவ்வொன்றிலும் விளக்கணைகிற அந்த நொடியில் வயிற்றுக்குள் ஒன்று நழுவி மடியில் விழும். இப்போதும் பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியதில் அதே இடத்தில் ஒன்று நழுவியது. ஆனால் அதோடு கூடவே வேறொன்றும் இருந்தது, காலையிலிருந்தே இருந்தது, அதை என்னவென்று சொல்லத் தெரியாமல்தான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கும். உயரமா, குட்டையா, மீசை உண்டா. தியேட்டர் இடத்தில் இப்போது இருக்கிற மண்டபத்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு வாட்ச்மேன், மேனேஜர் சார் இருக்காரே, எண்பத்தொண்ணு வயசு, நல்லாத்தான் இருக்கார், தேவாலயத்துத் தெருவில் பச்சைக் கேட்டு என்று சொன்ன நேரத்திலிருந்து அவளுக்குப் பயம் பாதி, இந்த ஆவல் பாதி. திட்டு வாங்கப் போகிற இடத்துக்கு ஒருத்தி இத்தனை ஆசையாகப் போவாளா. போகிறாளே. புதுப் புடவை வேறு.

தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். வாசலில் குலை வாழை கட்டியிருந்தார்கள், சமையல்கட்டுப் பக்கமிருந்து சாம்பார் வாசனை வந்தது. டிக்கெட் பொந்து இருந்த சுவரை மட்டும் இடிக்காமல் வைத்து அதில் மொய் எழுதுகிறவரை உட்கார வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து நின்றுவிட்டாள். வரிசையாக ஜனங்கள் பொந்துக்குள் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள், அன்றைக்கு நீட்டினமாதிரியே. நல்ல இடம் நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று மனசு கொஞ்சம் இளகியது. நூலகத்துப் பட்டியலில் இதையும் ஒரு குறிப்பாகப் போட வேண்டும். போட வேண்டும் என்று நோட்டை எடுக்கப் போனவள், இது தள்ளிப்போடுகிற வேலை என்று தன்னையே கண்டுபிடித்து, நோட்டை உள்ளே வைத்துவிட்டு நடந்தாள். பச்சைக் கேட்டு. உள்ளே ஒரு பெரியவர் கறிவேப்பிலைச் செடிக்குக் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி. குட்டை. மீசை உண்டு, வெள்ளை. இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா அந்தக் குரல் என்று இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மேனேஜர் ஞானதுரை அண்ணாச்சி வீடுதானா?"

அவர் திரும்பவில்லை. தண்ணீர் செடியை விட்டு விலகி அவர் காலில் விழுந்தது, அதையும் கவனிக்கவில்லை. மெதுவாகத்தான் திரும்பினார், திரும்பியும் முகத்தைப் பார்க்கவில்லை, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"இன்னொரு தடவ பேசுங்க."

"மேனேஜர் ஞானதுரை அண்ணாச்சியப் பார்க்கணும்."

"நம்பர் ப்ளீஸ்னு ஒரு தடவ சொல்லுங்க."

வடிவு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் யோசித்து வைத்திருந்ததில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. சொன்னாள். நாற்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம், ஒரு கறிவேப்பிலைச் செடிக்கு முன்னால் நின்று, நம்பர் ப்ளீஸ் என்று சொன்னாள். எக்ஸ்சேஞ்சுத் தங்கச்சி என்றார் அவர். குழாயை மூட மறந்து கேட்டைத் திறந்தார், திறந்த பின் குழாயை மூடப் போனார், வழுக்கப் பார்த்தார், இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். பெயரைக் கேட்டார். மரகதவடிவு என்றதும், இத்தனை நாள் தெரியாமப் போச்சே, நல்ல பேரா இருக்கே என்று குறைப்பட்டுக்கொண்டார். மருமகள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பதாகச் சொல்லித் தானே காபி போட்டார். காபியில் சீனி இல்லை, போட மறந்திருந்தார், அவள் சொல்லவில்லை. அவர் எதிரில் உட்கார்ந்ததும், இனியும் தள்ளினால் கடைசிவரை தள்ளுவோம் என்று கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துணியை எடுத்துவிட்டு, சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். வைத்துவிட்டுச் சொன்னாள். தொடர்கதை, டாக்டர் மூடி, ஆறரை மணி, ரிக்‌ஷா, ஆடு, எல்லாம். நடுவில் அழுகை வரும் என்று பயந்தாள், வரவில்லை, சொல்தான் வேகவேகமாக வந்தது.

"என்னாலதான் உங்க தியேட்டர் மூடிச்சு அண்ணாச்சி."

அவர் உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து போட்டுக்கொண்டு சீட்டை நெடுநேரம் பார்த்தார். தோள் குலுங்கியது. ஐயோ அழுகிறாரே என்று அவள் எழுந்துவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கிப் பேச அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பன்னிரண்டரைக்கு எக்ஸ்சேஞ்சைக் கேட்டாராம், அப்படி ஒரு பதிவே இல்லை என்றார்களாம், மறுபடி பதிந்து லைன் கிடைக்கும்போது மணி இரண்டு. அதற்குள் கம்பெனிக்காரன் பெட்டியை அடுத்த ஊர் ராஜேஸ்வரி தியேட்டருக்கு அனுப்பிவிட்டான். சாயங்காலம் தியேட்டர் நிறைந்த கூட்டம். இவர் திரைக்கு முன்னால் போய் நின்று பெட்டி வரவில்லை என்று உள்ளதைச் சொன்னார். சேர் பறந்தது உண்மைதான், இரண்டு பறந்தது. அப்போது தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், இருக்கதப் போடுங்கய்யா, வீட்டுக்குப் போய் என்ன செய்ய என்றது. இருந்தது போன வாரப் படத்தின் கடைசி இரண்டு ரீல், அறுந்ததை ஒட்டுவதற்காக வைத்திருந்தது. அப்புறம் அலமாரியில் கிடந்த பழைய செய்திப் படம், அணைக்கட்டு, வெள்ளம், மாட்டுக் கண்காட்சி. எல்லாவற்றையும் போட்டார்கள். சண்டைக் காட்சியை மூன்று தடவை கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். மாட்டுக் கண்காட்சிக்கு விசில் அடித்தார்கள். முதலாளி அந்தத் தீபாவளியோடு தியேட்டரை மூடிவிடுவதாக முடிவு பண்ணியிருந்தாராம், யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம் மட்டும் சொல்லியிருந்தார். அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு, ஜனங்க இப்படிச் சிரிக்கும்போது எப்படிவே மூடுறது என்று கேட்டாராம். அதிலிருந்து மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கதம்பக் காட்சி. பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் மாட்டு வண்டி கட்டி வந்தார்கள். ராஜேஸ்வரிக்குப் போன அந்தப் புதுப் படமா, அதை இடைவேளைக்கு மேல் பார்த்தவர் அந்த ஊரில் யாரும் இல்லை, மூன்றாம் நாள் தூக்கிவிட்டார்கள்.

"நீங்க மூடல தங்கச்சி. மூட இருந்தத மூணே முக்கால் வருஷம் தொறந்து வச்சிருக்கிய."

வடிவு காபியைக் கையில் எடுத்தாள். சந்தோஷம் இப்படித்தான் இருக்குமா, ஒன்றும் தோன்றாமல், சீனியில்லாத காபியைத் தித்திப்பாகக் குடித்துக்கொண்டு. உள்ளே மூன்று மூடிகள் ஒன்றாக விழுந்தமாதிரி இருந்தது, எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. அழுதாள், ரிக்‌ஷாவில் அழுததற்குப் பதில் இப்போது சரியாக அழுதாள், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வந்த வேலை ஞாபகம் வந்து, நோட்டைத் திறந்தாள். அப்போ மூடினது எப்போ என்று கேட்டாள். எண்பத்தெட்டு, ஜூன் அஞ்சு, ஞாயித்துக்கிழமை, மத்தியானக் காட்சியோட என்றார், யோசிக்கவே இல்லை. முதலாளிக்கு வயசாகிவிட்டது, பிள்ளைகள் ஒவ்வொரு ஊரில். திறந்தபோது தேங்காய் உடைத்தோமே, மூடும்போது ஏன் உடைக்கக் கூடாது என்று இவரே ஒன்றை வாங்கித் திரைக்கு முன்னால் உடைத்தாராம். சர்ச்சுக்குப் போற வேதக்காரன் தேங்காய் உடைக்கான் பாரு என்று ஆபரேட்டர் கேலி செய்தாராம். மறுநாள் திங்கட்கிழமை மகள் பியூலாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார், பதிநாலு வருஷத்தில் வேலை இல்லாத முதல் காலை அதுதான், அதனால் தேதி மறக்காது. வடிவு ரப்பரை எடுத்துப் பென்சிலை அழித்தாள். மெலிந்த தாள் கிழியவில்லை. நீல மையில் 5-6-1988 என்று எழுதினாள், எதிரே ஞானதுரை, மேனேஜர் என்று எழுதினாள்.

சீட்டை வாங்கிக் கூட்டில் வைக்கக் கையை நீட்டினாள். அவர் தரவில்லை. கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு மறுபடி அதைப் படித்தார், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். பழைய அறுபத்துநாலின் குறும்பு அந்தக் குரலில் வந்து உட்கார்ந்தது.

"இந்தக் கால நான் கேன்சல் பண்ணலியே."

அவளுக்குப் புரியவில்லை.

"மதுரைதான போட்டிருக்கு? பியூலா மதுரையிலதான் இருக்கா. போட்டுக்குடுங்க."

புரிந்தது. கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள், போர்டுக்கு முன்னால் உட்கார்கிற தோரணை, முதுகு தானாக நிமிர்ந்தது. அவர் மகளின் நம்பரைச் சொல்லச் சொல்ல அழுத்தினாள்.

"ஆர்டினரியா, அர்ஜென்ட்டா அண்ணாச்சி?"

"எழுதியிருக்குல்லா. அர்ஜென்ட்."

மணி அடித்தது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் ஹலோ என்றது. செங்கானூர் அறுபத்துநாலிலிருந்து கால், ஒரு நிமிஷம் லைனில் இருங்கள் என்று வடிவு இருபத்திரண்டு வயதுக் குரலில் சொன்னாள். அந்தப் பெண் ஏதோ கேட்க வாயெடுத்தாள், வடிவு அதற்குள் போனை அவரிடம் நீட்டினாள்.

"மதுரை லைன்ல இருக்கு. பேசுங்க."

அவர் பேச ஆரம்பித்தார், பியூலா, யாருட்ட பேசுன தெரியுமா, யாருட்ட பேசுன தெரியுமா என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு மேசைமேல் கிடந்த சீட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இணைப்புக் கொடுத்த நேரம் என்று அதில் ஒரு கட்டம் உண்டு, அது மட்டும் காலியாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நீல மையில் 12.05 என்று எழுதினாள். பதினொன்று நாற்பதுக்குப் பதிந்த கால், இருபத்தைந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.